நாலாயிரம் மீட்டரில் ஒரு பொய்

அத்தியாயம் 5

எங்கள் ஆபீஸுக்கு மொத்தம் பதினாறு படி. கேப்டன் வெங்கடேஸ்வரன் அதை ஏறி முடிக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை.

ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்தால் இதுதான் கதி. கீழே ஒரு மூட்டையை உதறினால் மேலே வந்திருக்கும் கட்சிக்காரர் தும்முவார். தும்மிக்கொண்டே சொல்லும் கதையில் எது பொய், எது மிளகாய் என்று பிரிப்பது பெரும்பாடு. நிலையத்தின் முதலாளி சாவித்ரி. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்து, முக்கால்வாசிக் காகிதத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிய புண்ணியவதி. நான் செல்வகணேஷ், நாகர்கோவில்காரன். ஆட்டோ பிடிப்பது, போட்டோ எடுப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா.

கேப்டன் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் நாலு தங்கப் பட்டை. விமானக் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆகி ஆறு வருடமாகியும் பட்டை மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. கழக்கூட்டம் தாண்டிக் கடற்கரையோரம் இருக்கும் அனந்தசாகரம் விமானப் பயிற்சிப் பள்ளியில் அவர் தலைமைப் பயிற்சியாளர். வலியசாலையில் சாவித்ரி வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர்.

"சாவித்ரி, நோக்கு ஒரு சின்ன வேலை. ஒரு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுத் தந்தா போதுமாக்கும்."

"எந்த ரிப்போர்ட், அண்ணா?"

"நீ எழுதப்போற ரிப்போர்ட்."

"நான் இன்னும் எழுதலையே?"

"அதான் என்ன எழுதணும்னு சொல்ல வந்திருக்கேன்."

இவ்வளவு வசதியான கட்சிக்காரர் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. துப்பையும் கொண்டுவந்து, முடிவையும் கொண்டுவந்து, குற்றவாளியையும் கையோடு அழைத்துவந்திருந்தார்.

விஷயம் இது. ஒன்பது நாளுக்கு முன், மதியம் மூன்று மணி. அபிஜித் என்ற பத்தொன்பது வயது மாணவன் தனியாகப் பறந்துவிட்டு இறங்க வந்தான். கிழக்கே மலைப்பக்கம் இடிமேகம். அதிலிருந்து கிளம்பிய காற்று திடீரென்று ஓடுபாதை வழியாக அடித்தது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் எந்த பிரேக்கும் கேட்காது. பையனுக்கு ரேடியோவில் சொல்லப்பட்டது, 'காற்று இல்லை' என்று. நம்பி இறங்கினான். பாதை தீர்ந்த பிறகும் விமானம் ஓடிப்போய் ஓடையில் விழுந்தது. கால் இரண்டு இடத்தில் முறிவு.

"அரை மணிக்கு ஒரு தரம் மொட்டை மாடி ஏறி, காத்து, மேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியறதுங்கறதெல்லாம் பாத்து எழுதறதுக்கு ஒரு பொண்ணு உண்டு. சபீனா. அதை இன்டர்காம்ல கீழே சொல்லணும். மூணு மணிக்குக் காம்னு தகவல் வந்தது. நான் பையன்கிட்ட காம்னு சொன்னேன். காம்னா காத்தே இல்லேன்னு அர்த்தம்." கேப்டன் ஒரு ஜெராக்ஸை மேஜையில் வைத்தார். "இதோ அவ எழுதின தாள். ஊரெல்லாம் புழுதி பறக்கறது, இவ ஃபேனடியில உக்காந்துண்டு காத்தில்லேன்னு எழுதியிருக்கா. மாடி ஏறினாத்தானே தெரியும்? இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கறதில்லே."

"நான் என்ன செய்யணும்?"

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. அவ மேல குத்தம்னு ஆனா வேலை போகும், காகிதம் போலீசுக்கும் போகும். உன் கையெழுத்துக்கு ஊர்ல ஒரு மதிப்பு இருக்கு. தாள் அவ எழுதினதுதான்னு நீ ஒரு வரி போட்டா, பின்னே ஒருத்தரும் வாய் திறக்க மாட்டா."

சாவித்ரி ஜெராக்ஸைக் கையில் எடுத்தார். "போட்டுடலாம், அண்ணா. முதல்ல இடத்தைப் பாத்துடறேன். பாக்காம எழுதறது தப்புன்னு நீங்களே இப்பதான் சொன்னேள்."

ஆட்டோவில் போகும்போது நான் அந்தத் தாளை ஆராய்ந்தேன். முழுக்க எண்கள். தெரு பெயர் இல்லாத பின்கோடு மாதிரி வரிசை வரிசையாக எண்கள். கழக்கூட்டம் தாண்டுவதற்குள் கேஸை முடித்துவிட்டேன்.

"மாமி! விபத்து மூணு மணிக்கு. இதுல காத்து இல்லன்னு எழுதியிருக்கது ஒம்பதரைக்கு. காலையில எழுதுனத மத்தியானத்துக்குக் காட்டுதாரு கேப்டன். எப்பிடி?"

"அஞ்சரை மணி கூட்டு."

கூட்டினேன். மூன்று மணி வந்தது.

"விமானக்காராளுக்கு உலகம் பூரா ஒரே கடிகாரம். கிரீன்விச் நேரம்."

"கழக்கூட்டத்துல உக்காந்துகிட்டு இங்கிலாந்து மணியா? அப்ப ராகுகாலத்துக்கு என்ன செய்வாங்க?"

"உன்னை மாதிரி ஒருத்தன்கிட்ட கேப்பா."

நான் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் கையில் ஒரு பையோடு சபீனா உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. வாப்பாவுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. பூர்வீகம் குளச்சல் பக்கம். ஒன்பது நாளாக உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். இவள் தினமும் வந்து டூட்டி நேரம் முடியும்வரை வெளியே உட்கார்ந்துவிட்டுப் போகிறாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

"எதுக்கும்மா வாறே?" என்று கேட்டேன்.

"வரலன்னா தப்பு செய்தேன்னு ஆயிராதா, சாரே?"

நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டேன். மிளகாய் வாடை அவ்வளவு தூரம் வந்திருக்க நியாயமில்லை.

சாவித்ரி தாளைக் காட்டினார். சபீனா பார்த்த வேகத்திலேயே இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எழுத்து என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா நான் எழுதினதில்ல. அன்னைக்கு மேல நிக்கவே முடியல, அப்படிக் காத்து. காத்துல பேப்பர் பறக்கும்னு முட்டியால அமுக்கிட்டு எழுதினேன். உடனே இன்டர்காம்ல சொன்னேன். கீழ 'ஷெரி'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு, வச்சிட்டாங்க."

"யார் குரல்?"

"அந்த இன்டர்காம்ல எல்லாருக்கும் ஒரே குரல்தான், மேடம். ரேடியோ ரூம்ல கேப்டன் சாரும் மேனேஜர் சாரும் எதிரும் புதிருமா இருப்பாங்க. யாரு எடுத்தாங்கன்னு தெரியாது." கொஞ்சம் தயங்கினாள். "கேப்டன் சார் அப்படிச் செய்ய மாட்டாரு. இன்டர்வியூல எனக்காகப் பேசி வேலை வாங்கித் தந்தது அவருதான்."

உள்ளே போகும்போது சாவித்ரியின் காதில் கிசுகிசுத்தேன். "மேனேஜர்தான். என் மீசையில ஒரு பக்கம் பந்தயம்."

மேனேஜர் சுமந்தைப் பார்த்ததும் என் பந்தயம் வலுத்தது. முப்பத்தைந்து வயது. ஏ.சி. ரூமில் வியர்த்துக்கொண்டிருந்தார். காற்றை அளக்கும் கருவி மே மாதமே பழுதாகி, ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று இழுத்தடித்தவர் அவர்தான். அதனால்தான் சபீனா காற்றில் உப்பித் திசை காட்டும் துணிப்பையையும் கையடக்கக் கருவியையும் வைத்துக்கொண்டு காற்றைக் கணித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் பழி விழுந்தால் கருவிக் கதையை யாரும் கிளற மாட்டார்கள். வானிலைத் தாள்கள் இருக்கும் அலமாரியும் இவர் ரூமில்தான்.

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு அதோ, ஆணியில தொங்குது. ஆர்க்கும் எடுக்கலாம்." பெருமையாகச் சொன்னார். "நம்ம சிஸ்டம் டிரான்ஸ்பரன்ட் ஆணு."

நாளுக்கு ஒரு தாள். புத்தகமாகத் தைத்திருந்தால் மாற்ற முடியாது. இங்கே துளை போட்டுக் கோத்திருந்தார்கள். ஒன்றை உருவி இன்னொன்றைச் செருக ஒரு நிமிடம் போதும். ஜெராக்ஸுக்கு மூலமான அன்றைய தாளை எடுத்து சாவித்ரி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் அசையவில்லை.

"தப்பு ஏதாவது?" என்றேன் ஆவலோடு.

"ஒண்ணுகூட இல்லே. பனி படியற வெப்பநிலை காத்தோட வெப்பநிலையைத் தாண்டப்படாது, தாண்டலே. காத்தழுத்தத்துக்கும் கடல் மாதிரி ஏத்தவற்றம் உண்டு, காலம்பற பத்துக்கு உச்சம், சாயங்காலம் நாலுக்குத் தாழ்வு. அதுவும் சரியா இருக்கு. பொய்யாவே இருந்தாலும் இதை எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர்." திரும்பி, "சுமந்த், நேர் வடக்கேயிருந்து காத்து வந்தா எத்தனை டிகிரின்னு எழுதுவா?" என்று கேட்டார்.

"ஸீரோ." சுமந்த் பட்டென்று சொன்னார். "காம்பஸ்ல அங்கனெயல்லே காட்டுது?"

"ஷெரி, நீங்க போலாம்."

அவர் போனதும் சாவித்ரி என்னைப் பார்த்தார். "வடக்குக் காத்துக்கு முன்னூத்தறுபதுன்னுதான் எழுதணும். சைபர்னு எழுதினா காத்தே இல்லேன்னு அர்த்தம். அ-ஆ தெரியாத மனுஷர். இப்படி ஒரு தாளை இவர் ஜென்மத்துக்கும் எழுத முடியாது. மீசையை எப்போ எடுக்கப்போறே?"

"அப்ப அந்தப் பொண்ணுதானா, மாமி?" எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. தப்பில்லாத தாளைப் பார்த்து அவ்வளவு வருத்தப்பட்டவன் நான் ஒருவன்தான்.

"விபத்துக்கு முந்தின தாளெல்லாம் எடு, பின்பக்கமாப் போ. இந்த ஒரு கட்டத்தை மாத்திரம் படி. எவ்வளவு தூரம் தெரிஞ்சதுங்கற கட்டம்."

படித்தேன். ஐயாயிரம், ஆறாயிரம், மூவாயிரம், ஐயாயிரம், மழை நாளில் ஆயிரத்து ஐந்நூறு. கூரியர் ஆபீஸில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். நாக்கு வறண்டது. போன ஓணத்துக்கு முந்தைய தாள்களுக்கு வந்தபோது திடீரென்று நாலாயிரம், நாலாயிரம் என்று வரத் தொடங்கியது.

"நிறுத்து. ஓணத்துக்கு அப்புறம் எத்தனை நாலாயிரம்?"

மறுபடி புரட்டினேன். சபீனா எழுதியதில் ஒன்றுமில்லை. அவள் லீவு போடும் நாளில் வரும் அபிலாஷ் எழுதியதிலும் இல்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. விபத்து நடந்த அன்று மூன்று மணிக்கும் மூன்றரைக்கும், இரண்டு தரம், நாலாயிரம்.

"ஒரு வருஷமா வராத நாலாயிரம், விபத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்துச்சாக்கும்," என்றேன்.

சாவித்ரி முதல் தடவையாகச் சிரித்தார். "அண்ணாவைக் கூப்பிடு. மாடிக்குப் போகணும்."

ரேடியோ ரூமில் கேப்டன் தலைக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு சட்டம். ஐந்து வருடத்துக்கு முன் அவரே தயாரித்துக் கையெழுத்திட்ட பட்டியல். எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற அடையாளங்களுக்குத் தூரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். மாதாகோவில் கோபுரம் இரண்டாயிரம் மீட்டர். செல்போன் டவர் மூவாயிரம். தண்ணீர் டாங்க் நாலாயிரம். பாறைக்குன்று ஐயாயிரம். கடைசியாக எது கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். அவ்வளவுதான் பெரிய விஞ்ஞானம்.

"மாடிக்கா? எதுக்கு?" கேப்டனின் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"அவ மாடி ஏறலேன்னு நான் எழுதணும். ஏறினா என்ன தெரியும்னு எனக்குத் தெரிய வேண்டாமா? ஒரு வரிதான் பாக்கி, அண்ணா."

முப்பத்திரண்டு படி. பாதியில் இரண்டு தடவை நின்றார். மேலே போனதும் கடற்காற்று சட்டையை உப்பவைத்தது. மூச்சு வாங்கியபடி, வகுப்பு எடுக்கிற குரலில் கையை நீட்டினார். "அதோ மாதாகோவில், ரெண்டாயிரம். அதோ டவர், மூவாயிரம். அதுக்கு வலது பக்கம் தண்ணி டாங்க்..."

கை நின்றுவிட்டது.

வலது பக்கம் பதினாலு மாடி ஃபிளாட் ஒன்று நின்றது. பால்கனிதோறும் துண்டும் லுங்கியும் காய்ந்துகொண்டிருந்தன.

"டாங்க் எங்கே, அண்ணா?"

"அங்கேதான்... அங்கேதானே இருந்தது?"

"இப்பவும் இருக்கு, ஆட்டோவுல வரச்சே பாத்தேன். அந்த ஃபிளாட்டுக்குப் பின்னாலே. போன ஓணத்துலேர்ந்து இந்த மாடிலேர்ந்து அது யார் கண்ணுக்கும் தெரியாது." சாவித்ரி கைப்பிடிச் சுவரைக் காட்டினார். பெயின்டில் எழுதிய அதே பட்டியல். நாலாயிரத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் தேதி, சபீனாவின் கையெழுத்து. "மாடி ஏறறவாளுக்கு இது தெரியும். சபீனாவுக்குத் தெரியும், அபிலாஷுக்குத் தெரியும். கீழே சட்டத்துக்கு அடியில உக்காந்திருக்கறவாளுக்குத்தான் நாலாயிரம் இன்னும் உயிரோட இருக்கு."

கேப்டன் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாடி ஏறாம கீழே உக்காந்துண்டு எழுதியிருக்கான்னு காலம்பற சொன்னேள். அது நூத்துக்கு நூறு சரி. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டேள்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு ஆரியசாலை வரை வந்து பதினாறு படி ஏறி ஆள் பிடித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"காத்தை மட்டும் மாத்தியிருந்தா நான் கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன்," என்றார் சாவித்ரி. "அவ புழுதின்னு எழுதியிருக்கணும். காத்தில்லாம புழுதி எப்படிப் பறக்கும்? அதனால அதையும் அழிச்சு, காத்தசையாத நாளுக்குப் பொருத்தமா மங்கல்னு போட்டு, பழக்க தோஷத்துல நாலாயிரம்னு எழுதினேள். பொய் சொல்றதுலயும் வானிலை சரியா இருக்கணும்னு உங்களுக்கு ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கு சுமந்துக்குக் கிடையாது."

கேப்டன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாலு பட்டையும் இருந்தன, ஆள்தான் சுருங்கியிருந்தார்.

"சிங்கப்பூர்லேர்ந்து போன். அங்கே ஒரு பெரிய பள்ளியில வேலை, கடைசி இன்டர்வியூ. ஒரு காதுல அது. இன்னொரு காதுல இன்டர்காம். அவ சொன்னா, நான் ஷெரின்னு வெச்சுட்டேன். பையன் ரேடியோவுல காத்து கேட்டான். மேஜை மேல ரெண்டரை மணி ரீடிங் இருந்தது. காம். அதையே படிச்சுட்டேன்." முகத்தைத் துடைத்தார். "நாப்பது வருஷ சர்வீஸ், சாவித்ரி. ஒரு நிமிஷத்துத் தப்பு."

"தப்பு ஒரு நிமிஷம்தான், அண்ணா. தாளை எழுத எத்தனை மணி நேரமாச்சு?"

எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வரவில்லை. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்தான் மனசில் நின்றாள். 'கேப்டன் சார் அப்படிச் செய்ய மாட்டாரு' என்று எங்களிடமே வக்காலத்து வாங்கினாளே, அதை நினைக்க நினைக்கக் கோபம்தான் வந்தது.

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட். சபீனாவையும் உள்ளே கூப்பிட்டு ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். சாவித்ரி தன் ரிப்போர்ட்டை வைத்தார். தாளை எழுதியது சபீனா அல்ல என்று ஒரு வரி, ஏன் என்று அரைப் பக்கம். கேப்டன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "அன்னிக்குத் தகவல் தொடர்புல ஒரு சின்ன இடைவெளி ஏற்பட்டுடுத்து," என்றார்.

ஆகா. ஒரு பையனின் கால் முறிந்ததற்கும், ஒரு பெண்ணை ஜெயில் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனதற்கும் எவ்வளவு அழகான பெயர்! கமிட்டித் தலைவருக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. "தகவல் இடைவெளி. அப்படியே பதிவு பண்ணிடலாம். இருதரப்புக்கும் சங்கடமில்லை," என்றார். பிஸ்கட் தட்டு நகர்ந்தது.

"சாரே."

சபீனா எழுந்திருந்தாள். குரல் நடுங்கியது, ஆள் நடுங்கவில்லை.

"எல்லாரும் தாளப் பத்தித்தான் பேசுறீங்க. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. இப்ப சொல்றேன். எழுதிக்கிடுங்க."

குறிப்பு எழுதுகிறவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பிஸ்கட்டோடு தலையசைத்தார்.

"மூணு மணி. காத்து நூத்திருபது டிகிரி, வேகம் பதினெட்டு நாட். இருபத்தேழு நாட் வர வீச்சு. பார்வைத் தூரம் ரெண்டாயிரம், புழுதி." கேப்டன் பக்கம் திரும்பினாள். "திரும்பச் சொல்லுங்க, சார்."

விமானத் தொழிலில் அப்படி ஒரு கட்டாயம் இருக்கிறது என்று சாவித்ரி பிறகு சொன்னார். கேட்ட தகவலைக் கேட்டவர் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் அது சரியா என்று பார்க்க வேண்டும். நாற்பது வருடமாகக் கேப்டன் தினமும் செய்தது அது. அந்த ஒரு நாள்தான் செய்யவில்லை.

கேப்டன் மேஜையைப் பார்த்தபடி நின்றார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாவித்ரி அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"காத்து நூத்திருபது டிகிரி," என்றார் கேப்டன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பதினெட்டு நாட். வீச்சு இருபத்தேழு."

உட்காரப் போனார். சபீனா நின்றுகொண்டேயிருந்தாள்.

"பார்வைத் தூரம், சார்?"

அவர் முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டாயிரம். புழுதி," என்றார். "நீ சொன்னதைக் கேட்டேம்மா. கேட்டுட்டுத்தான் தாளை மாத்தி எழுதினேன்."

எழுதுகிறவர் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.